சுருட்டி வச்ச கேபிள் ஏன் சுடுது? வாசகர் கேள்வி பதில்

எலக்ட்ரிக் கார் வாங்கினவங்க கேக்குற கேள்வியெல்லாம் முன்னாடி ரேஞ்ச் எவ்வளவு, பேட்டரி எத்தனை வருஷம் தாங்கும்னு தான் இருக்கும். இந்த தடவை வந்ததுல நிறைய கேள்வி சார்ஜிங் கேபிள் பத்தி. எனக்கு சந்தோஷம். ஏன்னா வீட்ல இருக்குற வயர்லயே மணிக்கணக்கா நிக்காம அதிக கரண்ட் ஓடுறதும் இதுல தான், தினம் கையில எடுத்து இழுத்து மடக்கி தூக்கி வைக்கிறதும் இதைத்தான். ஃப்ரிட்ஜ் வயரை யாரும் தினம் ரெண்டு தடவை சுருட்டுறதில்லையே.

கேள்வி: சார், வீட்ல 7.4 கிலோவாட் வால்பாக்ஸ் (சுவத்துல பொருத்துற சார்ஜர்) போட்டிருக்கோம், கேபிள் 10 மீட்டர். ஆனா கார் நிக்கிறது 2 மீட்டர் தள்ளி தான். மிச்ச 8 மீட்டரையும் சுருட்டி வெல்க்ரோ பட்டையால இறுக்கிக் கட்டி கொக்கியில மாட்டிட்டு தான் சார்ஜ் போடுவேன். நேத்து ராத்திரி எதேச்சையா சுருளுக்குள்ள கை விட்டா நல்ல சூடு. சுருட்டினா காயில் மாதிரி காந்தம் ஆகிடும் அதான் சூடுன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றார். உண்மையா? பயமா இருக்கு.

கை விட்டுப் பாத்தீங்களே, அது ரொம்ப நல்ல காரியம். சூடு நிஜம், காந்தக் கதை தான் தப்பு. கேபிளுக்குள்ள கரண்ட் போற கம்பியும் திரும்பி வர்ற கம்பியும் ஒரே உறையில ஒட்டி ஒட்டி தான் ஓடுது, ரெண்டுலயும் ஒரே அளவு கரண்ட், எதிரெதிர் திசையில. அதனால ஒண்ணோட காந்தப்புலத்தை இன்னொண்ணு அடிச்சிடும். எத்தனை சுத்து சுத்தினாலும் அது காந்தம் ஆகாது.

அப்போ சூடு எங்கேருந்து வருது? கம்பியோட எதிர்ப்புலேருந்து. ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாப்போம். 7.4 கிலோவாட்னா 230 வோல்ட்ல 32 ஆம்ப்ஸ். 32 ஆம்ப்ஸ் கேபிள்ல பொதுவா 6 சதுர மில்லிமீட்டர் செம்பு இருக்கும். 10 மீட்டர் கேபிள்னா போக 10, வர 10, மொத்தம் 20 மீட்டர் செம்பு, அதோட எதிர்ப்பு ஏறக்குறைய 0.06 ஓம் தான். ஆனா சூட்டுக்கு கரண்டை ரெண்டு தடவை பெருக்கணும். 32 தடவை 32, அதை 0.06-ஆல பெருக்கினா 60 வாட் சொச்சம் வரும். பழைய 60 வாட் குண்டு பல்ப் எவ்வளவு சுடும்னு தொட்டவங்களுக்குத் தெரியும், அவ்வளவு சூடு உங்க கேபிள்லேருந்து ராத்திரி பூரா வந்துட்டே இருக்கு.

கேபிள் தரையில நீளமா கிடந்தா மீட்டருக்கு 6 வாட் தான், காத்துல கலந்துடும், தொட்டா லேசா வெதுவெதுன்னு இருக்கும். நீங்க 8 மீட்டரை ஒரு கட்டா இறுக்கிட்டீங்க, அந்த 50 வாட்டும் ஒரு கைப்பிடி சுருளுக்குள்ள மாட்டிக்கிச்சு, வெளி சுத்துக்காவது காத்து படும், நடு சுத்துக்கு நாலு பக்கமும் சூடான கேபிளே தான் சுவர், சூடு எங்க போகும். செம்பு சூடாக ஆக அதோட எதிர்ப்பும் கூடும், அதனால சூடும் இன்னும் கொஞ்சம் கூடும். மேலே இருக்குற உறை தினம் இப்படி வெந்தா மெல்ல கெட்டியாகி வெடிப்பு விட ஆரம்பிக்கும். ஒரே நாள்ல ஒண்ணும் ஆகாது, அது தான் ஆபத்தே, நாம பழகிடுவோம்.

சுருள்ல வர்ற எக்ஸ்டென்ஷன் ரீல் வாங்கியிருந்தா அதோட மூஞ்சியில ஒட்டியிருக்குற ஸ்டிக்கரை படிச்சுப் பாருங்க. முழுசா விரிச்சா இவ்வளவு, சுருட்டியே வச்சிருந்தா இவ்வளவுன்னு ரெண்டு அளவு போட்டிருக்கும், ரெண்டாவது பெரும்பாலும் பாதிக்கும் கீழ தான் இருக்கும். அதே விஷயம் தான் இது.

நீங்க செய்ய வேண்டியது, சார்ஜ் போடும்போது பட்டையை கழட்டிடுங்க. பட்டை சும்மா இருக்கும்போது கட்டி வைக்க மட்டும். மிச்ச கேபிளை கார் பக்கத்துல பெரிய பெரிய அலையா தரையில விடுங்க, இல்ல அகலமான ஹேங்கர்ல ரெண்டு மூணு பெரிய வளையமா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தளர்வா தொங்க விடுங்க. ஒரு மணி நேரம் கழிச்சு நடுவுல தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பு பரவால்ல. கையை வச்சுட்டே இருக்க முடியலன்னா நிறுத்திடுங்க.

இன்னொண்ணு, இடமே இல்ல சுருட்டி தான் ஆகணும்னா கார் செட்டிங்ல கரண்டை 16 ஆம்ப்ஸா குறைச்சிடுங்க. கரண்ட் பாதியானா சூடு பாதி இல்ல, கால்வாசி ஆயிடும். ராத்திரி பூரா நிக்கிற வண்டிக்கு அதுவே தாராளம்.

கேள்வி: எங்க கேபிள் சுருட்டவே விட மாட்டேங்குது. பாம்பு மாதிரி முறுக்கிக்குது, ஒரு சுத்து சரி பண்ணா இன்னொரு சுத்து எட்டு மாதிரி மடங்குது. கேபிளே மட்டமா?

கேபிள் நல்லா தான் இருக்கும், சுருட்டுற விதத்துல தான் விஷயம். நானும் முதல் வருஷம் உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவுல சுத்தி சுத்தி தான் வச்சேன், துணி காயப் போடுற கயிறு சுத்துற மாதிரி. ஒரு வருஷத்துல கேபிள் ஸ்க்ரூ மாதிரி நிரந்தரமா முறுக்கிக்கிச்சு, தரையில போட்டா படுக்காது, எழுந்து நிக்கும், வீட்ல ரெண்டு பேர் தடுக்கியாச்சு.

காரணம் என்னன்னா, ஒரே பக்கமா சுத்துற ஒவ்வொரு வளையத்துக்கும் கேபிளுக்குள்ள ஒரு முழு முறுக்கு ஏறுது. 10 வளையம்னா 10 முறுக்கு. உள்ள இருக்குற மெல்லிசு செம்பு இழைகளும் சேந்து முறுகுது. மேடையில மைக் வயர் சுருட்டுறவங்களை பாத்திருப்பீங்க, அவங்க ஒரு வளையம் மேல, ஒரு வளையம் கீழன்னு மாத்தி மாத்தி போடுவாங்க. செஞ்சு பாருங்க. இடது கையில கேபிள் நுனியை பிடிங்க. வலது கையால ஒரு கை நீளம் இழுத்து சாதாரணமா ஒரு வளையம் இடது கையில வைங்க. அடுத்ததுக்கு வலது கை மணிக்கட்டை உள்பக்கமா திருப்பி, கட்டை விரல் உங்களை பாக்குற மாதிரி கேபிளை பிடிச்சு, வளையத்தோட வால் பக்கம் அடியில போற மாதிரி வைங்க. திரும்ப சாதாரணம், திரும்ப உள்பக்கம். முதல் வளையத்துல ஏறின முறுக்கை ரெண்டாவது வளையம் இறக்கிடும். ரெண்டு நாள் கை குழம்பும், மூணாவது நாள் தானா வரும். ஒரே ஒரு எச்சரிக்கை, விரிக்கும்போது நுனி வளையத்துக்குள்ள புகுந்து வந்துடக் கூடாது, புகுந்தா வரிசையா முடிச்சு விழும்.

மூணு ஃபேஸ் கேபிள் மாதிரி தடியா இருந்து கையில நிக்கலன்னா, தரையிலயே பெரிய 8 போட்டு அடுக்குங்க. 8-ல ஒரு பாதியில ஏறுற முறுக்கு மறு பாதியில இறங்கிடும். சுவத்துல ஒரு அடி இடைவெளியில ரெண்டு அகலமான கொக்கி அடிச்சு அதுல 8 மாதிரி மாட்டலாம், எங்க வீட்ல இப்போ அது தான்.

ஏற்கனவே முறுக்கின கேபிளை சரி பண்ண ரெண்டு பக்கமும் கழட்டிட்டு வெயில்ல ஒரு மணி நேரம் நீளமா போடுங்க, உறை இளகும். அப்புறம் ஒரு முனையிலேருந்து ரெண்டு உள்ளங்கையாலயும் உருட்டி உருட்டி முறுக்கை மறு முனைக்கு தள்ளிட்டு போங்க. கன் (காருக்குள்ள சொருகுற கைப்பிடி) இருக்குற முனையை யாரும் பிடிக்கக் கூடாது, அது சுத்தி தான் முறுக்கு வெளிய போகணும்.

கேள்வி: எனக்கு 67 வயசு. கேபிள் வெயிட்டா இருக்கு, தரையிலேருந்து குனிஞ்சு எடுக்க முடியல. மகன் சுவத்துல ஒரு பெரிய ஆணி அடிச்சு குடுத்தான், அதுல மாட்டலாமா?

அம்மா, ஆணி வேண்டாம். மகன் கிட்ட கோவிச்சுக்காதீங்க, எல்லா வீட்லயும் முதல்ல ஆணி தான் அடிப்பாங்க. கேபிளோட மொத்த வெயிட்டும் அந்த மெல்லிசு ஆணி மேல ஒரே புள்ளியில உக்காருது, தினம் அதே இடத்துல மடங்குது. கேபிள் எவ்வளவு தடியோ அதுல 6 மடங்கு ஆரத்துக்கும் சின்னதா மடக்காம இருக்குறது நல்லது. 15 மில்லிமீட்டர் கேபிள்னா 9 சென்டிமீட்டர் ஆரம், அதாவது குறைஞ்சது 18 சென்டிமீட்டர் அகலமான வட்டம். ஒரு சாப்பாட்டு தட்டு அளவுக்கு வச்சுக்கோங்க, தப்பே வராது.

தோட்டத்து ஹோஸ் பைப் மாட்டுற அரை வட்ட ஹேங்கர் இதுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். இல்லன்னா பழைய பிளாஸ்டிக் வாளியை படுக்க வச்சு அடிப்பக்கத்தை சுவத்தோட ஸ்க்ரூ பண்ணுங்க, வாளி மேல கேபிள், வாளிக்குள்ள கையுறை, துடைக்கிற துணி. கூர்மையான தகரம், இரும்பு ஓரம் மட்டும் எதுலயும் இருக்கக் கூடாது.

உயரம் உங்க இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவுல இருக்கட்டும். கன்னுக்கு தனியா ஒரு ஹோல்டர் கிடைக்கும், சுவத்துல மாட்டுறது, வாய் கீழ பாத்த மாதிரி சொருகி வைக்கலாம், அதை காரோட சார்ஜிங் போர்ட் இருக்குற பக்கமா அடிங்க. முழு கேபிளையும் தினம் தூக்காதீங்க. ஒரு ரெண்டு வளையம் மட்டும் இறக்கி கன்னை எடுத்து மாட்டினா போதும்ங்கிற மாதிரி காரை கொஞ்சம் முன்ன பின்ன நிறுத்தி பழகிட்டீங்கன்னா பாதி வெயிட் குறைஞ்ச மாதிரி.

கேள்வி: கார் கூட வந்த கேபிள்ல நடுவுல ஒரு பெட்டி இருக்கே, அது சாக்கெட்லேருந்து தொங்கிட்டே இருக்கு. பரவால்லயா?

பரவாயில்லன்னு சொல்ல மாட்டேன். அந்தப் பெட்டி தான் காரோட பேசி எவ்வளவு கரண்ட் எடுக்கலாம்னு சொல்றது, லீக்கேஜ் இருந்தா கட் பண்றது. ஒரு கிலோ, சிலது அதுக்கு மேலயும் இருக்கும். அந்த வெயிட் பூராவும் ப்ளக்கை கீழ இழுக்குது. சாக்கெட்டுக்குள்ள பின்னை கவ்வுற பித்தளை இதழ் கொஞ்சம் கொஞ்சமா விரியும், பிடி தளரும், தொடுற இடம் குறையும். அந்த குட்டி இடத்து வழியா 10 ஆம்ப்ஸ், 16 ஆம்ப்ஸ் எட்டு மணி நேரம் போனா அங்க தான் சூடு.

என் வீட்லயே நடந்தது. ஒரு நாள் காலையில ப்ளக்கை எடுக்கும்போது பிளாஸ்டிக் கருகின வாசனை லேசா. திருப்பிப் பாத்தா ஒரு பின்னோட அடியில மட்டும் டீ கறை மாதிரி பழுப்பு வளையம், சாக்கெட் ஓட்டையும் ஒரு பக்கம் இளகி முட்டை வடிவத்துல இருந்துச்சு. மத்த பின்கள் பளபளன்னு இருக்கு. எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு சாக்கெட்டையே மாத்தினேன், ப்ளக்கும் போச்சு. அன்னிக்கே பெட்டிக்கு தனியா ஒரு கொக்கி போட்டேன், சாக்கெட் உயரத்துலயே, ப்ளக்குக்கும் பெட்டிக்கும் நடுவுல இருக்குற வயர் லேசா தொய்வா இருக்குற மாதிரி. பெட்டிக்கு பின்னாடி துளை இருந்தா அதுல மாட்டுங்க, இல்லன்னா சின்ன ஷெல்ஃப் போதும்.

மாசத்துக்கு ஒரு தடவை சார்ஜ் ஓடி ஒரு மணி நேரம் ஆனதும் ப்ளக்கோட முதுகுல புறங்கையை வச்சுப் பாருங்க. சுட்டா சார்ஜை நிறுத்திட்டு சாக்கெட்டை மாத்துங்க, ப்ளக்கை அழுத்தி சொருகி சமாளிக்காதீங்க.

கேள்வி: கழட்டும்போது எதை முதல்ல எடுக்கணும்? வீட்ல தினம் சண்டை.

கார் பக்கம் முதல்ல. சண்டையில யார் இதைச் சொன்னாங்களோ அவங்க ஜெயிச்சாங்க.

காரணமும் தெரிஞ்சுக்கோங்க. டைப் 2 (ஏசி சார்ஜிங்ல பொதுவா வர்ற கனெக்டர் வகை) கன்னை திருப்பி உள்ள பாத்தா 7 ஓட்டை தெரியும், 5 பெருசு, மேல 2 சின்னது. பெருசு கரண்டுக்கும் எர்த்துக்கும், சின்னது ரெண்டும் பேச்சு வார்த்தைக்கு. பேச்சு நடத்துற பின், மாட்டும்போது கடைசியா தொடும், எடுக்கும்போது முதல்ல விடும். அது விட்ட உடனே சார்ஜர் பவரை கட் பண்ணிடும், பெரிய பின் பிரியும்போது அதுல கரண்டே இருக்காது. சுவத்து ப்ளக்ல அந்த ஏற்பாடு கிடையாது, ஓடிட்டு இருக்கும்போது பிடுங்கினா பொறி பறக்கும், பின் கருகும். மாட்டும்போது சுவர் முதல்ல, கார் அப்புறம். கழட்டும்போது சார்ஜை நிறுத்தி, கார் லாக்கை விடுவிச்சு, கன், அதுக்கப்புறம் சுவர்.

கேள்வி: மழையில கன் தரையில கிடந்து தண்ணி போயிடுச்சு. துரு பிடிக்காம இருக்க ஸ்பிரே அடிச்சு, ஹேர் டிரையர் காட்டி காய வைக்கலாமா?

ஸ்பிரே கண்டிப்பா கூடாது. எண்ணெய்ப் பசை பின்னுக்குள்ள தங்கி தூசியை இழுத்து பிடிச்சு வைக்கும், சில பிளாஸ்டிக்கை அரிக்கவும் செய்யும். சூடான டிரையரும் வேண்டாம்.

சுவத்துப் பக்கம் முழுசா கழட்டுங்க, வால்பாக்ஸோட நிரந்தரமா இணைஞ்ச கேபிள்னா அதோட எம்சிபியை (அந்த லைனோட சர்க்யூட் பிரேக்கர் சுவிட்ச்) இறக்குங்க. கன் வாயை கீழ பாத்து ரெண்டு மூணு தடவை உதறுங்க, அப்படியே காத்தோட்டமான இடத்துல ஒரு நாள் தொங்க விடுங்க. ஓட்டைக்குள்ள ஊசி, ஹேர்பின், கம்பி எதையும் விடாதீங்க. மண்ணு போயிருந்தா காஞ்சதும் மென்மையான பிரஷ்ஷால தட்டி எடுங்க. பின்ல பச்சை பூத்திருந்தா, கருப்பு புள்ளி இருந்தா அந்த கேபிளை அப்படியே போடாதீங்க, முதல்ல சர்வீஸ்ல காட்டி சரி பார்க்கணும்.

மழையில சார்ஜ் போடலாமான்னும் சிலர் கேட்டிருக்கீங்க. வெளியில வைக்கன்னு செஞ்ச சார்ஜர்னா போடலாம், கன் காருக்குள்ள சொருகியிருக்கும்போது தான் அது தண்ணி உள்ள விடாம மூடியிருக்கும். சொருகாம சும்மா இருக்கும்போது வாய் திறந்து தான் இருக்கு, அதனால தான் கன்னோட மூடியும் ஹோல்டரும் முக்கியம்னு சொல்றேன்.

கேள்வி: கேபிள் எட்டல. நல்ல கம்பெனி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டா?

வேண்டாம். ஒவ்வொரு இணைப்பும் இன்னொரு தளர்ந்து போகக்கூடிய இடம், கேபிளோட வர்ற கையேட்டுலயே பொதுவா எழுதியிருப்பாங்க. சாக்கெட்டை கார் பக்கத்துக்கு மாத்துங்க, தனி லைன், தனி எம்சிபி, 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (லீக்கேஜ் வந்தா கட் பண்ற சுவிட்ச்), ஒரு தடவை செலவு.

கேள்வி: ரிவர்ஸ் எடுக்கும்போது பின் சக்கரம் கேபிள் மேல ஏறி இறங்கிடுச்சு. வெளியில பாத்தா ஒண்ணும் தெரியல. பயன்படுத்தலாமா?

வெளியில தெரியாதுங்க, அது தான் சங்கடம். உறை ரப்பர் மாதிரி திரும்ப எழும்பிடும், உள்ள நூத்துக்கணக்குல மெல்லிசு இழை இருக்கு, அதுல கொஞ்சம் அறுந்திருந்தா மிச்ச இழை அதே 32 ஆம்ப்ஸை சுமக்கும், அந்த ஒரு இடம் மட்டும் சுடும். கேபிளை கழட்டி வச்சுட்டு அந்த இடத்தை விரலால மெல்ல உருட்டிப் பாருங்க. தட்டையா, பள்ளமா, மத்த இடத்தை விட மெத்துன்னு இருந்தா அதோட நிறுத்திடுங்க. எல்லாம் ஒரே மாதிரி இருந்தா குறைஞ்ச கரண்ட்ல கூடவே இருந்து ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டு அந்த இடத்தையும் ஒரு அடி தள்ளி இன்னொரு இடத்தையும் மாத்தி மாத்தி தொட்டுப் பாருங்க. வித்தியாசம் தெரிஞ்சா மாத்த வேண்டியது தான். கன் மேல சக்கரம் ஏறியிருந்தா சோதனையே வேண்டாம், புதுசு வாங்குங்க. டேப் சுத்தி ஓட்டுறது இதுல கிடையாது.

கேள்வி: வால்பாக்ஸ் புதுசா வாங்கப் போறோம். கேபிள் கூடவே இணைஞ்சது வாங்கவா, தனியா கழட்டுறது வாங்கவா?

தினம் சார்ஜ் போடுற வீடுன்னா இணைஞ்சது. டிக்கியிலேருந்து எடுத்து ரெண்டு பக்கமும் மாட்டி திரும்ப சுருட்டி வைக்கிற வேலையை ஒரு வாரத்துக்கு மேல யாரும் ஒழுங்கா செய்யறதில்லைன்னு பாத்திருக்கேன், மூணாவது வாரம் கேபிள் தரையில கிடக்கும். ரெண்டு வேற வேற கார் இருக்கு, இல்ல சார்ஜர் தெருப் பக்கம் இருக்குன்னா கழட்டுறது நல்லது, உள்ள எடுத்து வச்சுக்கலாம்.

கழட்டுற கேபிள் வாங்கும்போது ஒண்ணு கவனிங்க. டைப் 2 கேபிளோட ரெண்டு முனையிலயும் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கு, கேபிள் எவ்வளவு தாங்கும்னு சார்ஜர் பக்கத்து முனையில இருக்குறதை வச்சு தான் சார்ஜர் தெரிஞ்சுக்கும். 20 ஆம்ப்ஸ் கேபிள்னா 680 ஓம், 32 ஆம்ப்ஸ்னா 220 ஓம். 32 ஆம்ப்ஸ் வால்பாக்ஸ்ல 20 ஆம்ப்ஸ் கேபிள் மாட்டினா பாதுகாப்பா 20-லயே தான் ஓடும், சார்ஜர் கெட்டுப் போச்சுன்னு நினைச்சிடாதீங்க. நீளம், காரை நேராவும் ரிவர்ஸ்லயும் நிறுத்தி அளந்து பாத்துட்டு அதுக்கு மேல ஒரு மீட்டர் போதும். எதுக்கும் இருக்கட்டும்னு 10 மீட்டர் வாங்கினா முதல் கேள்வி கேட்ட வாசகர் மாதிரி மிச்சத்தை எங்க வைக்கிறதுன்னு தேடணும்.

கேள்வி: டிக்கியில எப்பவும் ஒரு கேபிள் கிடக்கு. அப்படியே வைக்கலாமா?

பையில போட்டு, டிக்கி தரையில இருக்குற கொக்கியோட பட்டை போட்டு கட்டி வைங்க. மூணு நாலு கிலோ சாமான் சடன் பிரேக்ல சும்மா இருக்காது. ஈரமா இருந்தா துடைச்சுட்டு போடுங்க, மூடின பையில ஒரு வாரம் ஈரம் நின்னா பூஞ்சை வாசனை வந்துடும், பின்லயும் ஈரம் தங்கும். கன் மூடி தொலைஞ்சு போயிருந்தா முதல்ல அதை வாங்கி போடுங்க, டிக்கியில உருளுற சின்ன கல்லு ஒண்ணு ஓட்டைக்குள்ள போய் உக்காந்தா காரோட போர்ட்டுக்கே கேடு.